காணாமல்போன இரும்பு

2006 ஜூலை. செவ்வாய்க்கிழமை, காலை 8.40.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் களவு போனது நகையுமல்ல, பணமுமல்ல. மேற்பிரிவுப் பிள்ளைகள் பதினான்கு பேரின் இரத்தத்தில் சேர்ந்திருக்க வேண்டிய இரும்பு.

சுதர்ஷினி பரிசோதனைத் தாளை மீண்டும் ஒருமுறை பார்த்தாள். விஞ்ஞானப் பட்டம் வாங்கிய கையோடு சுகாதார உதவியாளராகத் தோட்டத்துக்கு வந்தவள். சத்தமாகப் பேச வராது. தாளைப் பார்த்தபடியே தன் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாள். அவளுக்கும் இரத்தம் குறைவுதான். மூன்று மாதமாக விழுங்குகிறாள், படியேறினால் இன்னமும் மூச்சு வாங்குகிறது.

தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் மார்ச்சிலிருந்து தினமும் காலையில் சத்துப்பொரி. சமைக்க வேண்டாம், பையைப் பிரித்துக் கோப்பையில் போட்டால் சாப்பாடு. முப்பது கிராமில் ஆறு மில்லிகிராம் இரும்பு என்று பையில் அச்சடித்திருந்தது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பதினொன்றைத் தொட்டிருக்க வேண்டும். ஒன்பதிலேயே நின்றது. கீழே றப்பர் பிரிவில் அதே பொரி, அதே அளவு. வயிற்றுப் பூச்சி மருந்தும் இரண்டு பிரிவுக்கும் ஒரே நாளில்தான் கொடுத்தது. அங்கே மட்டும் பதினொன்றரை.

தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் நல்லையா காத்திருக்கவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மிஸ்? கருப்பாயி நல்ல பொரிய வித்துட்டு மட்டமானத போடுறா. யட்டியாந்தோட்ட கடையில நம்ம பைய பார்த்தவங்க இருக்காங்க. நேத்து கோப்பையில மிச்சம் கெடந்ததையும் பார்த்தேன். மை மாதிரி கறுப்பு. நல்ல சாமான் கறுக்குமா?"

"விசாரிக்கணுங்க ஐயா."

"தொரை விசாரிக்கிறாரு. வியாழக்கெழம மூணு மணிக்கு."

கருப்பாயி அந்தப் பிள்ளைக்காம்பராவைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவள். வேலை போனால் அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

அன்று 11.15. யட்டியாந்தோட்டைக் கடைவீதி.

முக்தாரின் கடையில் சத்துப்பொரிப் பைகள் அடுக்கி இருந்தன. அத்தனையிலும் கருவாடு.

"வாங்க மிஸ். கருப்பாயி வெறும் பைதான் கொண்டு வாற. உள்ளுக்கு மினுங்குது பாருங்க, ஈரம் புடிக்காது. ஒரு பைக்கு ஒரு துண்டு கருவாடு குடுக்குற."

"பொரியோட கொண்டு வந்ததில்லையா நானா?"

"பொரியோட வந்தா நான் ஏன் மிஸ் இந்த நாத்தத்துல குந்தி இரிக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் களைப்பாக இருந்தது. சத்துச் சேர்க்காத சாதாரணச் சோளப்பொரிப் பக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

புதன், காலை 9.00. மேற்பிரிவு.

கருப்பாயி ஒவ்வொரு கோப்பையிலும் பொரியை அள்ளிப் போட்டாள். பெரிய கேத்தலிலிருந்து சாயம் கூடிய தேத்தண்ணியை ஊற்றினாள். பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். காய்ச்சலோடு கிடந்த சசி மட்டும் பாதியை வைத்துவிட்டான்.

"பால்மா இல்லையா ஆயாம்மா?"

"பொரி வந்த வாரமே நிப்பாட்டிட்டாங்க. பொரியிலேயே எல்லாம் இருக்காம். பதிலுக்கு தேயிலத்தூள் தர்றாங்க. பச்சத் தண்ணியில போட்டா துப்புதுங்க மிஸ்." பிறகு, பார்வையைத் திருப்பாமல், "நான் எடுக்கல."

சுதர்ஷினி திறக்காத பை ஒன்றையும் திறந்த பை ஒன்றையும் எடுத்து, இரண்டிலிருந்தும் ஒரு கைப்பிடி பொரியைப் பொடித்துத் தனித்தனிக் கிளாஸில் தண்ணீரில் கரைத்தாள். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கிளாஸுக்கு வெளியே வைத்துக் கலக்கினாள். இரண்டிலும் கரும்பொடி மீசைபோல் ஒட்டி நின்றது. இரும்பு. முக்தார் கடைப் பொரியில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஆக, பைக்குள் இரும்பு இருக்கிறது. பிள்ளையின் வாய்க்குள்ளும் போகிறது. வாய்க்கும் இரத்தத்துக்கும் நடுவில்தான் களவு.

மத்தியானம் சசியின் கோப்பையை எட்டிப் பார்த்தாள். மிச்சம் கறுத்திருந்தது. நல்லையா பொய் சொல்லவில்லை.

அன்று 2.30. றப்பர் பிரிவு.

அங்கே ஆயாம்மா இலட்சுமி. பிள்ளைக்காம்பராவின் அடுப்பு இருந்த இடத்தில் மண்குவியல்.

"தைப்பொங்கலுக்கு முன்னாடியே விழுந்திருச்சி மிஸ். கட்டித் தாறேன் தாறேன்னு மேசன் பாஸ் ஏழு மாசமா சொல்றாரு. ஒரு கேத்தல் வைக்க வழியில்ல."

"பிள்ளைங்க பொரி சாப்பிடுதுங்களா?"

"கையில குடுத்தா கொரங்குக்குட்டி மாதிரி கொறிக்குதுங்க. தாகத்துக்கு மலையில இருந்து வாற பீலித் தண்ணி."

சுதர்ஷினி இடிந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக மலை ஏறினாள். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

வியாழன், பிற்பகல் 3.00. தோட்ட ஆபீஸ்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மேசையில் அவள் மூன்று கிளாஸ்களை வைத்தாள். காலை ஒன்பது மணிக்குக் கலந்தவை. கருப்பாயி கதவோரம் நின்றாள்.

"முதலாவது, சத்துப்பொரியும் தண்ணியும். நிறம் மாறல. ரெண்டாவது, கடைப்பொரியும் தேத்தண்ணியும். தேத்தண்ணி நிறந்தான். மூணாவது, சத்துப்பொரியும் தேத்தண்ணியும்."

மூன்றாவது மை மாதிரி இருந்தது.

"இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்தாத்தான் இப்படிக் கறுக்கும். மட்டமான பொரின்னா கறுத்திருக்காது. ஐயா பார்த்த கறுப்பு ஆயாம்மாவுக்கு எதிரான சாட்சி இல்லீங்க. அவங்க நல்ல பொரியத்தான் போட்டாங்கங்கறதுக்குச் சாட்சி."

நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப களவெடுத்தது யாரு?" என்றார் துரை.

"தேத்தண்ணி. அதோட துவர்ப்பு இரும்பப் புடிச்சி வச்சிக்கும், உடம்பால எடுக்க ஏலாது. றப்பர் பிரிவுல அடுப்பு இடிஞ்சதால அந்தப் பிள்ளைங்க தப்பிச்சிருச்சிங்க. பையில எழுதியிருக்கிறது பைக்குள்ள இருக்கிறதத்தான். உடம்பு எவ்வளவு எடுக்கும்னு அதுல எழுதல."

ஒரு தாளை நகர்த்தி வைத்தாள். பால்மாவை நிறுத்தித் தேயிலைத்தூள் கொடுக்கச் சொன்ன மார்ச் மாத உத்தரவு. கீழே நல்லையாவின் கையெழுத்து.

"கொழும்புல இருந்து செலவக் கொறைக்கச் சொன்னாங்க மிஸ்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "பொரியில எல்லாச் சத்தும் இருக்குன்னு நெனச்சேன்."

துரை மூன்றாவது கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "தேயிலத் தோட்டத்துல உக்காந்துக்கிட்டு, தேயிலதான் கள்ளன்னு ரிப்போட் எழுதப் போறீங்களா?"

"எழுதிட்டேன் சேர்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "கருப்பாயி, நாளைக்கு வேலைக்கு வா," என்றார். பால்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே கருப்பாயி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேல இருக்கு ஆயாம்மா. காம்பராவும் இருக்கு."

"ஊத்துனது நாந்தானே மிஸ். நாலு மாசமா. கசக்கக்கூடாதுன்னு என் வீட்டுச் சீனியையும் போட்டேன்."

சுதர்ஷினி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளையில இருந்து வெறும் பொரியும் தண்ணியும் குடுங்க. பொறகு ஒரு தோடம்பழச் சுளை, அந்தப் புளிப்பு இரும்பு சேர உதவும். தேத்தண்ணி வேணாம்."

"அழுவுங்க."

"ரெண்டு நாள் அழட்டும்."

வெள்ளி, காலை 9.00.

மாத்திரை நாக்கில் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பை உதடு வரை வந்துவிட்டது. சுதர்ஷினி அப்படியே நின்றாள். மூன்று மாதம், தொண்ணூறு மாத்திரை.

கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். மாத்திரையின் துருச் சுவை நாக்கிலேயே நின்றது. கீழே, பிள்ளைக்காம்பராப் பக்கமிருந்து, முதல் பிள்ளை அழத் தொடங்கியது.