சுதர்ஷினியின் இரும்பு எங்கே போனது?

அது போன வருடம் மாசியா, பங்குனியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இறப்பர் மரங்கள் இலையில்லாமல் நின்றன என்றுதான் நினைக்கிறேன். புதுத் தளிர் வந்துவிட்டதோ என்னவோ. யட்டியாந்தோட்டையில், பள்ளிக்கூட மைதானத்தில், பனி மட்டும் காலை எட்டு மணிவரை படுத்துக் கிடந்தது.

பனிக்குள்ளிருந்து சுதர்ஷினி ஓடி வருவாள். முதலில் காலடிச் சத்தம் வரும். பிறகு வெள்ளைச் சப்பாத்து. கடைசியாகத்தான் முகம். அஞ்சலோட்டத்தில் அவள் கொண்டுவரும் கோலை வாங்கிக்கொண்டு அவள் தோழி ரிஸ்லா ஓட வேண்டும்.

ஒரு நாள் சத்தம் வந்தது, முகம் வரவில்லை. சுதர்ஷினி பாதி வழியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் விழுங்கியும் தலைச்சுற்று நிற்கவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் அணியில் வேறு பிள்ளையைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று, ஓட்டம் பழக்கும் ரஹ்மா டீச்சர் வருத்தத்தோடு சொன்னார். சுதர்ஷினி சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

ரிஸ்லாவின் வாப்பா முக்தார் கடைவீதியில் பர்கர் கடை வைத்திருந்தார். அன்று மாலை அவள் கடை மூலையில் உட்கார்ந்து சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினாள். மாட்டிறைச்சியில் புரதம் நிறைய, இரும்புச்சத்து நிறைய, கொழுப்பும் நிறைய என்று போட்டிருந்தது. கடைசிச் செய்திக்கு வாப்பாவின் வயிறே சாட்சி.

மறுநாள் இடைவேளையில், பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வடை இரண்டை டப்பாவில் வைத்து நீட்டினாள். சுதர்ஷினி முகர்ந்து பார்த்து, மூடியை மெதுவாக மூடினாள்.

"வாசமாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுல மாட்டெறச்சி சாப்பிட மாட்டோம், ரிஸ்லா."

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் அது எப்படி மறந்தது? ரிஸ்லாவுக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு சுதர்ஷினி மாத்திரையை வாயில் போட்டு, போத்தலிலிருந்த, பால் சேர்க்காத பிளேன்டித் தேநீரைக் குடித்தாள்.

மாலையில் ரிஸ்லா அதே பக்கத்தை மறுபடி படித்தாள். கௌப்பிப் பயறிலும் இரும்புச்சத்து உண்டு. தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, பிழிந்து சேர்த்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும் என்றிருந்தது. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று ஒரு வரி.

மாத்திரைக்கு மேல் சுதர்ஷினி குடித்த பிளேன்டி அவள் நினைவுக்கு வந்தது.

காலையில் விஷயத்தைச் சொன்னதும் சுதர்ஷினி தயங்கினாள். "அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க. தேத்தண்ணியக் கொறை சொன்னா கோவிச்சுக்குவாங்க."

"கொறை சொல்லல்ல. மாத்திரைய தண்ணியோட முழுங்கு. தேத்தண்ணிய ரெண்டு மணித்தியாலம் பிந்தி வரச் சொல்றேன், அவ்வளவுதான்."

அம்மா மருதாயி அதைக் கேட்டுச் சிரித்தார். சரி என்றும் சொன்னார். முக்தார், இறைச்சி படாத புதுச் சட்டி ஒன்று வாங்கி, கௌப்பியை மசித்துத் தேசிக்காய் பிழிந்து வடை சுட்டார்.

நான்கு வாரம் கழித்து இரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஓடலாம் என்றார்.

போட்டியில் அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். மருதாயி இப்போதும் கொழுந்து பறிக்கிறார். முக்தாரின் கடையில் வெள்ளிக்கிழமைகளில் கௌப்பி பர்கர்தான் முதலில் தீர்கிறது. ரிஸ்லாவும் சுதர்ஷினியும் ஏழாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள்.