தூக்குவாளியில் போன கேமரா

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் துப்பறிவாளர் ஸ்தனிஸ்லாஸின் அலுவலகம். அன்று காலை வந்த இரண்டு பெண்களில் மூத்தவர், ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை மேசைமேல் வைத்தார். உதவியாளர் வினோலியா யாரோ டீ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து டம்ளரைத் தேடினாள்.

"டீ இல்லம்மா. இதுல என் கேமரா இருந்துச்சு, காணோம்" என்றார் அந்தப் பெண். "தம்பிதான் எடுத்தான்னு அவன் முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிட்டான். நான் கூப்பிட்டா போனை எடுக்கமாட்டேங்கிறான். நான் சொன்னது பொய்னு நீங்கதான் சார் கண்டுபிடிச்சுத் தரணும்."

ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் சந்தேகம் சரி என்று காட்டச் சொல்லித்தான் எல்லாரும் அவரிடம் வருவார்கள். தப்பு என்று காட்டச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

அவர் பெயர் நுஸைபா. கூட வந்தவள் தம்பி நிஹாலின் மனைவி பாஸிலா. பேகம்பூரில் மூவருக்கும் ஒரே வீடு. ஊர் ஊராகப் போய்த் தெருக்களைப் படம் எடுப்பதில் நுஸைபாவுக்குத் தீராத பைத்தியம்.

"கேமராவைக் கழுத்துல மாட்டிட்டுப் போனா ஒருத்தரும் இயல்பா இருக்கமாட்டாங்க சார். சட்டைப் பித்தானைப் போடுவாங்க, எந்த டிவின்னு கேப்பாங்க. தூக்குவாளியோட போனா டீ வாங்கப் போறேன்னு நினைச்சு யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. சட்டுன்னு எடுத்து ஒரு கிளிக் பண்ணிட்டு உள்ள வச்சிருவேன்."

"உள்ள இடிபடாதா?" என்றாள் வினோலியா.

"அடியில ஸ்பாஞ்ச் இருந்துச்சு. நிஹால்தான் செருப்புப் பட்டறைப் பசையைக் கொண்டாந்து ஒட்டிக் குடுத்தான். கேமராவோட அதையும் பிச்சு எடுத்துட்டாங்க."

"தம்பிமேல ஏன் சந்தேகம்?" என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"வாளிக்குள்ள கேமரா இருக்கிறது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். பாஸிலாகிட்டகூட நான் மூச்சு விடல. கூட்டாளி கல்யாணத்துக்குக் கேட்டான், நான் தரமாட்டேன்னுட்டேன். புதன்கிழமை மத்தியானம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல படம் எடுத்துட்டு வந்து, வாளியை அடுப்படித் திட்டுல வச்சுட்டு, தலைவலின்னு படுத்தேன். சாயந்தரம் எந்திரிச்சுப் பாத்தா திட்டுல வாளி இல்ல. கழுவின பாத்திரக் கூடையில கவுந்து கெடந்துச்சு."

வினோலியா குனிந்து கிசுகிசுத்தாள். "தம்பிதான் சார். பழைய கேமரா விக்கிற கடை ரெண்டு எனக்குத் தெரியும். விசாரிச்சுட்டு வரவா?"

"உக்காரும்மா."

ஸ்தனிஸ்லாஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வாளியின் அடியை விரலால் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல சாப்பாடு கொண்டுபோவீங்களா?"

"ஐயோ, ஈரம் பட்டா கேமரா என்னத்துக்கு ஆகும்?"

"இதே மாதிரி வாளி உங்க தெருவுல வேற யார்கிட்டயாவது இருக்கா?"

அதுவரை தலைகுனிந்திருந்த பாஸிலா அப்போதுதான் வாய் திறந்தாள். "எல்லார் வீட்லயும் இருக்கு சார். ஃபாரிஸ் அண்ணன் கல்யாணத்துல வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க."

"புதன்கிழமை உங்க வீட்டுக்கு அப்படி ஒண்ணு வந்துச்சா?"

"மதினி ஊர்ல இல்லாதப்ப எங்க தெரு சைதூன் சாச்சி ஆட்டுக்கால் பாயா குடுத்துவிட்டாங்க. சாயந்தரம் நான்தான் வாளியைத் திருப்பிக் குடுத்தேன்."

"உள்ள என்ன போட்டுக் குடுத்தீங்க?"

"நான் எதுவும் போடல சார். வெறும் வாளியா குடுக்கக்கூடாதுல்ல, என்ன போடலாம்னு யோசிச்சுக்கிட்டே திட்டுல இருந்ததைத் தூக்கினேன். கனமா இருந்துச்சு. சரி, நான் கழுவின வாளியில மதினியே ஏதோ செஞ்சு வச்சுட்டாங்கன்னு..."

அவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் வாளியை மெதுவாக நுஸைபா பக்கம் நகர்த்தினார். "செருப்புப் பசை ஒட்டின இடத்துல ஸ்பாஞ்சைப் பிச்சா திட்டுத்திட்டா மிச்சம் நிக்கும். இது அடி பளபளன்னு இருக்கு. எத்தனை கழுவியும் பூண்டு வாசம் போகல. இது உங்க வாளியே இல்லம்மா, சைதூன் சாச்சியோடது. கேமரா இருந்தது தெரிஞ்ச ஆளையே நீங்க தேடுனீங்க. தெரியாததுனாலதான் பாஸிலா தூக்கிக் குடுத்துட்டாங்க."

நுஸைபா, "அப்ப என் தம்பி எடுக்கல!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

பாஸிலா அங்கிருந்தே சைதூனுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வாளியா? நீ குடுத்துட்டுப் போனதும் மகளுக்கு வலின்னு நெய்க்காரப்பட்டியில இருந்து போன் வந்துருச்சும்மா. திறக்காம அப்படியே ஃப்ரிட்ஜ்ல தள்ளிட்டு ஓடியாந்துட்டேன். பேரன் பொறந்திருக்கான்! ஆமா, என்ன குடுத்துவிட்ட? கெட்டுப் போயிருக்குமே?"

"அது கெடாது சாச்சி" என்றாள் பாஸிலா. வினோலியா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அடுத்த அரைமணிக்குள் நால்வரும் சைதூன் வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார்கள். தயிருக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே வாளி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நுஸைபா தூக்கினார். பழகிய அதே கனம்.

மூடிக்குப் போன கையை ஸ்தனிஸ்லாஸ் தடுத்தார். "இப்பத் திறந்தா வெளிக்காத்து பட்டு உள்ள ஈரம் கோத்துக்கும். குளிர் விடுற வரைக்கும் மூடியே இருக்கட்டும். அதுக்கப்புறம்தான் வேலை செய்யுதான்னு தெரியும்."

நுஸைபா வாளியைத் தரையில் வைத்துவிட்டு, பாஸிலாவின் போனை வாங்கி நிஹாலை அழைத்தார்.

"சொல்லு பாஸிலா."

"அக்கா பேசுறேன்டா. வச்சுறாத. நீ எடுக்கல. நான்தான் புத்திகெட்டுப்போய் உன்னைச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் அலறியது. அதற்கு மேல் குரலை உயர்த்தி நிஹால் கேட்டான்: "கேமரா கெடச்சிருச்சு, அதான் கூப்பிடுற. இல்ல?"

"கெடச்சிருச்சு. ஓடுதா, போயிருச்சான்னு தெரியல. இன்னும் திறந்தே பாக்கல. போனா போகட்டும். நீ வீட்டுக்கு வாடா."

நிஹாலின் குரல் இளகியது.

"நான் வர்ற வரைக்கும் திறக்காத. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். பாஸிலாவை உலை வைக்கச் சொல்லு, அடுத்த பஸ்ல வாரேன்."

திரும்பிப் பார்த்தால் பாஸிலா அங்கே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.