அழிந்துபோன நிலாக் காட்சி

"அப்ப, ரெண்டு டிஸ்க்கும் ஒரே கனவைத்தான் காணுமாம்மா?"

"அப்படித்தான் வெச்சுக்கோ. ஒண்ணுல எழுதுறது அப்பவே இன்னொண்ணுலயும் எழுதிடும், கண்ணாடி மாதிரி. ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

"ஒண்ணுல அழிச்சா?"

வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த அம்மா எழிலரசியின் கை நின்றது. "ஏன் பொன்னி கேக்குற?"

செங்கம் சாலையில் இருந்த அவர்களுடைய ஸ்டுடியோவில், எடுத்த வீடியோக்களைச் சேமிக்கும் அந்த இரண்டு டிஸ்க்குகளும் இருந்த கறுப்புப் பெட்டி மெல்ல முனகியது. அதன் இரண்டு பச்சை விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டின. உள்ளே இரண்டு குட்டி ஊர்கள் இருப்பதாகவும், இரண்டிலும் ஒரே மழை பெய்வதாகவும் பொன்னி நினைத்துக்கொள்வாள்.

"ஜோயா அழுத சீனை நேத்து அழிச்சுட்டேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு கெஞ்சினா. இன்னொரு டிஸ்க்ல இருக்கும்னு நெனச்சேன்."

"கண்ணாடி முன்னாடி நின்னு பொட்டை எடுத்தா, கண்ணாடியில மட்டும் பொட்டு இருக்குமா?"

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள். "கேமரா கார்டுல இருக்குமே?"

"வேற வேலைக்கு வேணும்னு காலையிலதான் காலி பண்ணேன். சாயந்திரம் ஸ்கூல்ல படம் போடணும். நிலா வராம அந்தப் புள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போகும்?"

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பொன்னியின் தோழி ஜோயாதான் நிலா. காட்டில் தொலைந்த குழந்தைகளுக்கு வழி சொல்ல வேண்டியவள், வசனம் மறந்து அழுதுவிட்டாள். வெள்ளிக் காகிதக் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது.

பொன்னி வாசலுக்கு வந்தாள். தூரத்தில் தெரிந்த மலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது. நாடகத்தில் தொலைந்த அந்தக் குழந்தைகள் அங்கே எங்கோ இருட்டில் நிற்பதுபோல் தோன்றியது. அவர்களைத் தங்கள் கேமரா மட்டும்தானா பார்த்தது என்று யோசித்தாள்.

"அம்மா, ஜோயாவோட அப்பா மேடை ஓரமா நின்னு போன்ல எடுத்தாரே. அது நம்ம பெட்டிக்குள்ள இல்லையே."

"அட, ஆமா. அன்வர் அண்ணன்கிட்ட ஓடிப்போய் வாங்கிட்டு வா."

"அவர் உடனே குடுத்துடுவாரு. ஆனா மொதல்ல ஜோயாவைத்தான் கேக்கணும்."

ஜோயா தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பொன்னி நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"ஒண்ணை ஒழுங்கா அழிக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

"ரொம்ப ஒழுங்கா அழிச்சுட்டேன். அதான்பா பிரச்சினையே."

ஜோயாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது. "நான் எவ்ளோ கேவலமா இருக்கேன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போய் அப்பாவின் போனை எடுத்து வந்தாள்.

இருவரும் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தார்கள். திரையில் நிலா விசும்பியது. ஜோயா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொற. கீழ பாரு."

மேடை ஓரத்திலிருந்து எடுத்ததால், கீழே இருந்தவர்களும் தெரிந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு குட்டிப்பையன் கையை நீட்டி, "அழாத நிலா, வழி அந்தப் பக்கம்" என்றான். உடனே வரிசை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் நீண்டு, நிலாவுக்கு வழி காட்டின.

"இதை நான் பாக்கவே இல்லையே" என்றாள் ஜோயா.

"எங்க கேமராவும் பாக்கல."

ஜோயா அதை மறுபடி ஓட விட்டாள். பிறகு இன்னொரு முறை. அந்தச் சின்ன விரல்களின் மேல் அவள் பார்வை மிதந்துகொண்டிருந்தது.

பொன்னி மெதுவாகக் கேட்டாள்: "ஜோயா, நிலா அழுறதையும் சேர்த்து, இதை எனக்குத் தருவியா?"