தளர்த்திய தந்திகள்

அவருக்கு இருமல் வருவதற்கு முன்பே அறை இருமியது.

பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். தொண்டையில் கரகரப்பு ஏறிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சுவரில் தொங்கிய வயலின்களும் மாண்டலின்களும் மூலையில் சாய்ந்திருந்த செல்லோவும் ஒன்றுசேர்ந்து, போர்வைக்குள் யாரோ இருமுவதுபோல் அதிர்ந்து அடங்கின. பிறகுதான் அவருக்கு இருமல் வந்தது. வயசானால் காதுகூட முந்திரிக்கொட்டை ஆகிவிடும் போல என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

சுருதி ஒத்துப்போனால் தொடாமலேயே தந்தி அதிரும். அது அவருக்குப் புதிதல்ல. மனைவி போன பிறகு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத அந்த மாடி வீட்டில், அவர் தொழில் தெரிந்த யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். சுருதி பார்க்கக் காலமெல்லாம் நம்பிய இசைக்கவையை அலமாரியில் போட்டுவிட்டு, அத்தனை பழைய வாத்தியங்களையும் தன் பேச்சுக் குரலுக்கே சுருதி சேர்த்தார். "சாப்பிடலாமா?" என்று கேட்டால் நாலு பக்கமும் ரீங்காரம் எழும். அதையே பதிலாக வைத்துக்கொண்டார். வேறு யார் இருந்தார்கள், பதில் சொல்ல?

இப்போது மகள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். "உங்களுக்கு ஒரு ரூம் இருக்குப்பா. இதுங்களுக்கு இல்ல. ஏதாவது ஒன்ன மட்டும் எடுத்துக்குங்க." அந்த ஒன்றைக்கூட அவர் எடுத்துவைக்கவில்லை. மனித முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மதியம் பழைய வாத்தியங்கள் வாங்கும் வியாபாரி வந்தார்.

"ஐயா, தந்தியெல்லாம் தளர்த்திக் குடுத்துடுங்க. வண்டி குலுங்கினா பட்டு பட்டுன்னு அறுந்துடும்."

"அது எனக்குத் தெரியாதா? நீங்க படியில பாத்து இறங்குங்க."

ஒவ்வொரு முறுக்காணியாகத் திருகினார். தந்தி முனகிக்கொண்டே தொய்ந்தது. வயலின்கள் முடிந்தபோது தொண்டை லேசாக இருந்தது. மாண்டலின்கள் முடிந்தபோது குரல் கம்மியது. கடைசியாக செல்லோ.

"என்ன ஐயா, குரலே காணோம்? தூசி ஒத்துக்கலையா?" என்றார் வியாபாரி. ட்யூனர் தலையை மட்டும் ஆட்டினார்.

வாத்தியங்களோடு வண்டி போய்விட்டது. வார்னிஷ் வாசனையும் வில்லுக்குப் பூசும் பிசினின் வாசனையும் இன்னும் போகாத அறையில், வாத்தியங்கள் தொங்கிய இடங்களில் மட்டும் சுவர் வெளுத்திருக்க, அந்த வெளுத்த உருவங்களின்மேல் மாலை வெயில் ஊர்ந்து ஏறுவதையும் சமையலறைக் குழாய் சொட்டுவதையும் கவனித்தபடி அவர் நடுவில் நின்றார். அழுகை வந்தது. அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தார்.

"அவ்வளவுதான்" என்றது சுவர்.

அவருடைய குரல். இளம் வயதில் இருந்த தெளிவோடு.

அவர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். தோலுக்கு அடியில் ஏதோ தொய்ந்து கிடந்தது. விரல் பட்டதும் நெளிந்தது.

கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மகள்.

"அப்பா, கீழ வந்துட்டேன். மேல வரட்டுமா?"

வா. வந்துடும்மா. ஓடி வா. உதடு மட்டும் அசைந்தது.

"வேணாம்மா. நானே இறங்கி வரேன்."

அந்தக் குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"குரல் எவ்வளவு தெளிவா இருக்குப்பா! நல்லா தூங்கினீங்களா?"

"எல்லாம் போயிடுச்சும்மா. இப்பதான் லேசா இருக்கு."

செருப்புச் சத்தம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் அவருடைய நடை. பக்கத்திலேயே கடந்து போனது. அவர் திரும்பவில்லை. முடியவில்லை. கதவு திறந்தது. மூடியது. வெளியே சாவி திரும்பியது.

பிறகுதான் கால் அசைந்தது. கதவில் மோதினார். குத்தினார். கை வலித்தது. சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடிக் கண்ணாடியில் அறைந்தார். அதிலும் இல்லை.

கீழே மகள். அவள் கை யாருடைய முழங்கையையோ தாங்குவதுபோல் மடங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஏதோ கேட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. கார்க் கதவைத் திறந்தாள். குனிந்து, காலி இருக்கையில் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு மார்பின் அளவுக்கு மேடாக, இறுக்கமாக நின்றது. மெல்ல ஏறி இறங்கியது.