குதிக்கிற கிளாஸ்

நாற்பத்தொரு நாட்களாக மூத்தவள் ஈரமூட்டை தூக்கவில்லை. கணக்கு வைத்திருந்தது இளையவள். அன்று காலை அதை வாய்விட்டே சொன்னாள்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்கச் சலவைக்கூடம். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, மாடியில் உலர்த்தி, தேய்த்து அனுப்புவதுதான் குடும்பத்தின் பிழைப்பு. அண்ணன் இஸ்திரி போடுவார். தம்பி வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். இயந்திரத்திலிருந்து ஈரத்துணியை அள்ளி மாடிக்கு ஏற்றுவது அவர்களின் மனைவிகளான மூத்தவள், இளையவள் இருவரின் வேலை.

"நாப்பத்தொரு நாளா நானே ஏத்துறேன்க்கா. கேட்டா முதுகு வலி. ஆனா விடிஞ்சதும் ஷூவை மாட்டிக்கிட்டுக் குதிக்கப் போறதுக்கு மட்டும் எந்த வலியும் இல்ல!"

மூத்தவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மற்றதன் மேல் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துடுவேன்மா. மடிக்கிற வேலை பூரா நானே பாத்துக்குறேன்."

"உக்காந்து மடிக்க யாருக்குக் கசக்கும்?"

"இவ குதிக்கிற குதியில அந்தக் கட்டடம் இடிஞ்சா, அங்க இருக்கிற தூசித் துணியெல்லாம் நமக்குத்தான் சலவைக்கு வரும்" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உண்மையில் அங்கே யாரும் குதிப்பதில்லை. மருந்துக்கடைக்கு மேலே ஒரு கூடம். மாதவிடாய் நின்றுபோன பெண்கள் சிலர் தாழ்வான பலகையில் தாளத்தோடு ஏறி இறங்குவார்கள். "பேச வரணும், பாட வரக்கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும்" என்பாள் விசில் ஊதிச் சொல்லித்தரும் டீச்சர்.

மருத்துவர் அனுப்பிய இடம் அது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். "மாதவிடாய் நின்னதுல இருந்தே எலும்பு மெலிஞ்சிட்டு வந்திருக்கு. இதோ, முதுகுல ஒண்ணு நசுங்கியே போயிருக்கு. பழைய முறிவு. மாத்திரை தரேன். நடங்க, ஏறி இறங்குங்க. உடம்போட பாரம் விழுந்தாத்தான் எலும்பு தாக்குப்பிடிக்கும். ஆனா குனிஞ்சு மூட்டை தூக்குறது கூடவே கூடாது."

வீட்டில் முதுகு வலி என்று மட்டும் சொன்னாள். கணவரிடம்கூட அவ்வளவுதான். முறிந்தது என்று சொன்னால், எப்போது என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தாள்.

வகுப்பு முடிந்து திரும்பியபோது தம்பி வாசலில் நின்றிருந்தான். வண்டி கிளம்பியிருக்க வேண்டிய நேரம்.

"அண்ணி... நாங்க தனியாப் போயிடலாம்னு இருக்கோம். வீடு பாத்தாச்சு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே இளையவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூட்டை தூக்க ஒரு ஆளைப் போட்டுக்கலாம்மா. இதுக்குப் போயா வீட்டை விட்டு..."

"மூட்டைக்காகப் போறேன்னா நினைச்சீங்க?" இளையவளின் குரல் உடைந்தது. "மூட்டை என்னக்கா மூட்டை! போன மழைக்காலத்துல, வயித்துல இருந்தது கலைஞ்சுபோய், தரையில படுக்கையை விரிச்சுக் கிடந்தேனே... மருந்துக்கடைக்காரம்மாகூடப் பக்கத்துல உக்காந்து அழுதாங்க. நீங்க கதவுகிட்டயே நின்னீங்க! சாப்பாட்டைக்கூட ஸ்டூல் மேல வச்சிட்டுப் போனீங்க. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை குனிஞ்சு என்னைத் தொட்டிருக்கக் கூடாதா? என் வேலையும் சேத்துப் பாக்குற கடுப்பாக்கும்னு நினைச்சு, நான் முகத்தை மூடிக்கிட்டு அழுதேன்க்கா..."



அந்த நாட்களில் இளையவள் ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: 'எல்லாம் என்னாலதான்.' அந்தப் பழியோடு இன்னொன்றைச் சேர்க்க மூத்தவளுக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, துணியைப் பாதிப் பாதியாக மாடிக்கு ஏற்றினாள். சொல்லாமல் இருப்பது இவளைக் காப்பாற்றும் என்று நம்பினாள். அந்த மௌனம் இவளுக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"எந்திரிச்சு வாம்மா" என்றாள்.

இளையவள் வரவில்லை. முழங்காலில் முகம் புதைத்துக் குலுங்கினாள்.

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதுகை வளைக்காமல், ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, முழங்கால்களை மட்டும் மெல்ல மெல்ல மடக்கி இறங்கினாள். நெற்றி வியர்த்தது. இஸ்திரி மேசையில் அண்ணனின் கை நின்றுவிட்டது. வாசலிலிருந்து தம்பி ஓரடி எடுத்து வைத்தான். யாரும் வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கடைசிப் படியில் இளையவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இளையவள் விம்மலை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "ஏன்க்கா... ஏன் இப்படி உக்கார்றீங்க?"

மூத்தவளின் குரல் நடுங்கவில்லை.

"நீ படுத்த மூணாம் நாள், உன் மூட்டையையும் சேத்துத் தூக்கினப்ப என் முதுகெலும்பு முறிஞ்சு போச்சும்மா. குனிய முடியல... அதான் உன் பக்கத்துல வரல."