பீரோ பூட்டில் சிக்கிய முனை

பூட்டுக்கடை மேசையில் தையல்காரர் பிரித்து வைத்த காகிதப் பொட்டலத்தில் அரிசி மணியை விடச் சிறிய எஃகுத் துண்டு ஒன்று இருந்தது.

"எங்க பீரோ பூட்டுக்குள்ள சிக்கியிருந்துச்சு. யாரோடதுன்னு நீங்கதான் சொல்லணும்," என்றார்.

கேள்வியோடு பதிலையும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் மேல் எழுதிய புகார் சட்டைப்பையில் இருந்தது. மாலைக்குள் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவாராம். கொடுத்துவிட்டால் அந்த மனிதரை இனி யார் வீட்டுக்குள் விடுவார்கள்? பூட்டுத் திறக்கிறவனுக்குப் பெயர்தான் முதல்.

கடையின் சொந்தக்காரி பூதக்கண்ணாடியை எடுத்தாள். பூட்டு வேலை செய்த கணவனுக்குப் பல வருடம் விளக்குப் பிடித்து, அவன் போன பிறகு தானே கம்பியைப் பிடித்தவள். பூட்டில் வழக்கு என்றால் தெருவே அவளிடம் வரும். பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அண்ணன் இறந்த இரண்டே மாதத்தில் எதிரில் கடை போட்டு, பாதி வாடிக்கையை அள்ளிக்கொண்டு போனவன் அல்லவா அவன்?

தையல்காரர் நடந்ததைச் சொன்னார். அம்மா இறந்து ஒரு மாதம். பீரோவில் அவளுடைய தகரப்பெட்டி இருந்தது. அதில் ஒரு சங்கிலி, அவள் குரல் பதிந்த ஒரு கேசட். நேற்றுக் காலை சாவி போட்டுத் திறந்தால் பெட்டி இல்லை. வீடெல்லாம் தேடிவிட்டு, பீரோவைப் பூட்டிக் கடைக்குப் போனார். மாலையில் வந்து மறுபடி திறக்கப் பார்த்தால் சாவி நுழையவில்லை. அவருடைய அக்காதான் டார்ச் அடித்து, உள்ளே ஏதோ மின்னுகிறது என்று காட்டினாள்; ஊசியால் நெம்பி எடுத்தார். அம்மாவின் சாவி ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. இருப்பது அவருடைய சாவி ஒன்றுதான். போன வாரம் சாவியை உள்ளே வைத்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டபோது, திறந்துகொடுத்தவர் அந்தப் பூட்டுக்காரர்.

"அக்கா இங்கயேதான் இருக்கா. நான் மட்டும் அடுத்த வாரம் வேற ஊருக்குக் குடி போறேன். அதுக்குள்ள கிடைக்கணும்," என்றார்.

மூவரும் தெருவைத் தாண்டினார்கள். பூட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் தன் தோல்பையை விரித்தார். வரிசையாக மெல்லிய கம்பிகள். கடைக்காரி ஒவ்வொன்றாகத் தொட்டாள். முனை வளைந்த கொக்கி, பூட்டுக்குள் இருக்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க. அலை அலையாக நெளிந்தது, எல்லாப் பின்னையும் ஒரே இழுப்பில் உரச. எல் எழுத்துப் போல மடிந்தது, பூட்டைத் திருப்ப. அது இல்லாமல் மற்றவை வெறும் கம்பி. கடைசியில் ஒன்று மொட்டையாக இருந்தது. நாத்தனார் எஃகுத் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். முக்கோண முனை மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"கையும் களவுமா சிக்கிட்டான், அண்ணி," என்று முணுமுணுத்தாள்.

வாசல் கதவைத் திறக்கும்போது முனை உடைந்ததாகவும், அங்கேயே ஜன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிட்டதாகவும் பூட்டுக்காரர் சொன்னார். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். கேட்டால் சொல்ல ஒரு கதை. ஆனால் அண்ணியோ, "நீங்களும் வாங்க," என்று அவரையும் தையல்காரர் வீட்டுக்கு அழைத்தாள். திருடனுக்கு மரியாதை வேறு என்று நாத்தனாருக்கு எரிந்தது.

வீட்டில் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. அக்கா பீரோ ஓரம் நின்றாள். அண்ணி பூட்டுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது பின் வச்ச பூட்டு இல்ல. உள்ள தகடு தகடா அடுக்கியிருக்கு. இதைத் திறக்கக் கெட்டியான நெம்புக் கம்பி வேணும். அந்தச் சின்ன முக்கோணத்தை வச்சு இதுல காதுதான் குடையலாம். தொழில் தெரிஞ்சவன் அதை இதுக்குள்ள விடவே மாட்டான்."

"அவசரத்துல விட்டிருக்கலாமே," என்றாள் நாத்தனார்.

"சரி, விட்டான்னே வை. தம்பி, நேத்துக் காலைல சாவி நல்லா நுழைஞ்சுதா?"

"வெண்ணெய் மாதிரி."

"பெட்டி அப்பவே காணோம். முனை அப்ப உள்ள இருந்திருந்தா?"

தையல்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சாவி நுழைந்திருக்காது. பெட்டி போன பிறகு, அவர் கடைக்குப் போன பிறகுதான் யாரோ அதைச் செருகியிருக்கிறார்கள். பூட்டைத் திறக்க அல்ல. திறந்தவன் வெளியாள் என்று காட்ட. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டில் இருந்தது யார் என்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஜன்னல் விளிம்பைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள்.

பிறகு அவள் உள்ளே போய், தலையணை உறைக்குள்ளிருந்து தகரப்பெட்டியையும் ஒரு சாவியையும் எடுத்துவந்தாள். சங்கிலி அப்படியே இருந்தது. கேசட் மட்டும் இல்லை. அது அவள் கட்டிலடி டேப் ரெக்கார்டரில் இருந்தது.

"சங்கிலி உனக்குத்தான்டா. நீ பீரோவோட அவ குரலையும் ஏத்திட்டுப் போயிடுவ. எனக்கு என்ன இருக்கு?"

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டேன். மூட்டை கட்டிட்டு இருந்த. அப்புறம் பாக்கலாம்னு சொன்ன."

தையல்காரருக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்த புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். அக்கா பூட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்க பேரைக் கெடுக்கணும்னு செய்யல. யாரோ ஒருத்தர் மேல போகட்டும்னுதான்..."

"அந்த யாரோ ஒருத்தன் நான்தாம்மா," என்றார் அவர்.

பூட்டுக்காரர் காகிதப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நாத்தனாருக்கு முகம் சுட்டது. அவளுக்கும் தேவைப்பட்டது யாரோ ஒருத்தன்தானே?

தெருமுனை வரை அவள் அவர் பின்னாலேயே நடந்தாள். அங்கே நடையை எட்டிப்போட்டு அவரைப் பிடித்தாள்.

"எங்கண்ணன் பையில அதே முக்கோணக் கம்பி ஒண்ணு சும்மா கிடக்கு," என்றாள். "வந்து எடுத்துக்கோங்க."