சுண்ணாம்பு அடுக்குகள்

சுவரில் நீலப் பூச்சை உரித்த இடத்தில், விரல் நுனி அளவுக்கு நான்கு கறைகள் தெரிந்தன. அடியிலிருந்த பச்சையையும் உரித்தார். கறைகள் அதே இடத்தில், முழு விரல்களாக நீண்டிருந்தன.

மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. வெள்ளையடித்தபோது எவனோ ஈரச் சுவரில் கையை ஊன்றியிருக்கிறான், மேலே பூசி மறைத்திருக்கிறார்கள், சோம்பேறிக் கூட்டம். இந்தப் பேட்டையின் பழம்பெருமையைக் காப்பாற்றவே பிறந்தவர் தாம் ஒருவர்தான் என்பது அவர் எண்ணம். பழைய கதவைக் கழற்றி இரும்புக் கதவு போட்டவரெல்லாம் அவருக்குப் பதர்கள். நாளைக் காலை பாரம்பரியக் கட்டடக் குழு வருகிறது. ஒரு சுவரை அடுக்கடுக்காய் உரித்து, முதன்முதலில் பூசிய நிறம்வரை காட்டிவிட்டால் வாசலில் பெயர்ப்பலகை, அதில் அவர் பெயர். மாமியார் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர் என்ற பேச்சு அதோடு ஒழியும்.

இந்த ஒரு சுவருக்கு மட்டும் வருஷா வருஷம் மாமியாரே தன் கையால் சுண்ணாம்பு அடிப்பார். ஏன் என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார்.

"எங்கம்மா அடிச்சாங்க, நானும் அடிக்கிறேன் மாப்பிள்ளை. ஒரு வருஷமும் விட்டதில்ல."

பெரிய சிதம்பர ரகசியம்! இதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களோடு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். இந்த வருஷத்துக்கென்று மாமியார் ஊறவைத்திருந்த சுண்ணாம்பைக் காலையில் மாப்பிள்ளையேதான் சாக்கடையில் கொட்டினார். மாமியாரும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நாலு வயது மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். தொந்தரவு செய்ய ஆளில்லை.

சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது. பழஞ்சுண்ணாம்பின் வாடை, வெகுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல எழும்பித் தொண்டையில் ஒட்டியது. அவர் உரித்துக்கொண்டே போனார். மஞ்சளில் உள்ளங்கையும் மணிக்கட்டும் வந்தன. ஊதாவில் முழங்கை. அவர் கை ஓய்ந்த பிறகும், சுரண்டும் ஓசை ஒரு கணம் கூடுதலாகக் கேட்டது.

எலியாக இருக்கும். பழைய வீடு, எலி இல்லாமலா?

காவி அடுக்கை நெம்பினார். பெரிய சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஒரு முகம். நெற்றி, மூக்கு. திறந்த வாய்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இத்தனையும் வேறு வேறு கறைகள் இல்லை. ஒரே ஆள். கையை முன்னே நீட்டிக்கொண்டு, சுவருக்குள்ளிருந்து அறையை நோக்கி வந்துகொண்டிருந்த ஆள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வெளியே. ஒவ்வொரு வருஷமும் மேலே ஒரு பூச்சு. அந்தப் பூச்சு அத்தனையும் இப்போது அவர் காலடியில் தூளாகக் கிடந்தது.

சுண்ணாம்பு. சுண்ணாம்பு வேண்டும். கொல்லைக்கு ஓடினார். வாளியைக் கவிழ்த்தார். காலி. அடியில் ஒட்டியிருந்ததை நகத்தால் வழித்தார், விரல் நனையக்கூடக் காணவில்லை. அந்தப் பாழாய்ப்போன குழு. அந்தப் பாழாய்ப்போன பலகை. தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

திரும்பி வந்தார்.

மிச்சமிருந்த பூச்சு தானாகவே உதிர்ந்திருந்தது. செங்கல்லில் ஒரு குழி. ஆள் அளவுக் குழி.

காலி.

பக்கத்து அறை.

மகள்.

கதவு அவர் தொடுமுன்பே திறந்தது. குழந்தை தூக்கக் கலக்கத்தோடு நின்றாள். பெரியவர் ஒருவரின் விரலைப் பிடித்து நிற்பதுபோல ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள்.

"அப்பா, இவங்க கை ஜில்லுன்னு இருக்குப்பா."

அவள் பக்கத்தில் யாருமில்லை. ஆள் உயரத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் மட்டும், அவள் தலைமுடியின் மேல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.